ஜெனீவாவில் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சையும் பெற்றோரும்

மாதம் நிறையாமல் பிறந்த குழந்தையோ, பிறந்த கையோடு நோயுற்ற குழந்தையோ மருத்துவமனையில் கிடக்கும் நாட்களில் தாய் தகப்பனுக்கு அங்கே என்ன வேலை? நூறு ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவம் இந்தக் கேள்விக்கு விடையை மாற்றி மாற்றிச் சொல்லிவந்திருக்கிறது. கண்ணாடிக்கு வெளியே நில்லுங்கள் என்றது ஒரு காலம். குறித்த நேரத்தில் வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்றது இன்னொரு காலம். இன்றைய விடை, பெற்றோரும் சிகிச்சையின் ஒரு பகுதி என்பது. இந்த விடை உருவானதில் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகருக்கு இரண்டு வகையில் பங்கு உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் தலைமையகம் அங்கே இருக்கிறது. அதே ஊரின் பல்கலைக்கழக மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளின் மூளையை ஆராயும் குழு ஒன்று பல ஆண்டுகளாக இயங்கிவருகிறது. தமிழர் பேச்சில் ஜெனீவா என்றால் மனித உரிமைப் பேரவையும் அதன் தீர்மானங்களும்தான். இந்தக் கட்டுரை அந்த ஊரின் வேறொரு முகத்தைப் பற்றியது.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் குழந்தைகள்

37 வாரம் முடியுமுன் பிறப்பது குறைமாதப் பிறப்பு. 2020-ல் உலகில் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் அப்படிப் பிறந்ததாக உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கணக்கிட்டன. ஏறத்தாழ பத்தில் ஒரு குழந்தை. சுவிட்சர்லாந்தில் 32 வாரத்துக்கு முன்பே பிறப்பவை சுமார் 1 சதவீதம், ஆண்டுக்கு 800 குழந்தைகள் அளவில். இவர்களின் நுரையீரலில் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற சுரப்பு போதுமான அளவு இருப்பதில்லை. மூச்சு விடுவதையே சில நொடிகள் மறந்துவிடுவார்கள். அதைத் தூண்ட காபியில் உள்ள அதே காஃபீன்தான் மருந்தாகக் கொடுக்கப்படுகிறது. மூளையில் ரத்தக் கசிவு, குடல் அழற்சி, கிருமித் தொற்று, விழித்திரைக் கோளாறு என்று ஆபத்துகள் வாரம் தவறாமல் ஒவ்வொன்றாக வந்து எட்டிப் பார்க்கும்.

ஏழு மாதக் குழந்தை பிழைக்கும், எட்டு மாதக் குழந்தை பிழைக்காது என்று நம்மூர்ப் பெரியவர்கள் சொல்வதுண்டு. இதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை. கருப்பையில் கூடும் ஒவ்வொரு வாரமும் பிழைக்கும் வாய்ப்பைக் கூட்டவே செய்கிறது.

மாதம் நிறைந்து பிறந்தும் இங்கே வருபவர்கள் உண்டு. பிரசவத்தின்போது மூளைக்கு ஆக்சிஜன் குறைந்துபோன குழந்தையின் உடலை 72 மணி நேரம் 33 முதல் 34 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்து வைப்பது இன்று வழக்கமான சிகிச்சை. மூளைச் சேதத்தைக் குறைக்க நிரூபிக்கப்பட்ட வழி அது. ஆனால் தொட்டால் சில்லென்றிருக்கும் பிள்ளையை மூன்று நாள் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு கடினம் என்பதை அந்தப் பெற்றோரே அறிவர். குளிர்ச்சி நோயால் வந்ததல்ல, சிகிச்சையால் வந்தது என்பதை முதல் மணி நேரத்திலேயே யாராவது எடுத்துச் சொல்லிவிட்டால் பாதி பயம் தீரும்.

சுவிட்சர்லாந்தில் மிக உயர்நிலைப் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சை ஒன்பது மையங்களில் ஒருமுகப்படுத்தப்பட்டிருக்கிறது. அவற்றில் ஒன்று ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனை. ஆண்டுக்கு சுமார் 4,000 பிரசவங்கள் நடக்கும் அதன் மகப்பேற்றுப் பிரிவு நாட்டிலேயே மிகப் பெரியது. குழந்தைகளுக்கான கல்லீரல் மாற்று அறுவைக்கும் இதுவே நாட்டின் மையம் என்பதால் பித்தநாளம் அடைபட்டுப் பிறந்த குழந்தைகள் மற்ற மாநிலங்களிலிருந்தும் இங்கே வருகிறார்கள்.

பார்வையாளர் பராமரிப்பாளரானது

இன்குபேட்டர் 1880-களின் தொடக்கத்தில் பாரிஸில் ஸ்டெஃபான் டார்னியே என்ற மகப்பேறு மருத்துவரால் பயன்பாட்டுக்கு வந்தது. அது உயிரைக் காத்தது, கூடவே தாயையும் தள்ளி வைத்தது. அவரது மாணவர் பியேர் புடின், பிள்ளையைவிட்டுப் பிரிந்திருக்கும் தாய்மார் நாளடைவில் பிள்ளைமீது ஒட்டுதல் இழப்பதைக் கவனித்து எழுதினார். எழுதியது ஏட்டோடு நின்றது. கிருமிக்குப் பயந்து 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி மருத்துவமனைகள் பெற்றோரைக் கதவுக்கு வெளியிலேயே வைத்திருந்தன.

தாயைப் பிரிந்திருப்பது குழந்தையின் மனத்தைப் பாதிக்கும் என்ற கருத்தை உலக அரங்குக்குக் கொண்டுவந்த ஆவணம் ஜெனீவாவிலிருந்துதான் வெளிவந்தது. போருக்குப் பின் வீடிழந்த குழந்தைகளைப் பற்றி ஆராயும்படி உலக சுகாதார நிறுவனம் பிரிட்டிஷ் உளமருத்துவர் ஜான் பௌல்பியைக் கேட்டுக்கொண்டது. அவருடைய அறிக்கை 1951-ல் அந்நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. அதில் தாயின்மீது ஏற்றப்பட்ட சுமை அதிகம், தகப்பன் கிட்டத்தட்டக் காணாமல் போனார் என்ற விமர்சனங்களில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் மருத்துவமனைக் கதவுகளைத் திறக்க வைத்த வாதங்களின் வேர் அங்கேதான். 1988-ல் நெதர்லாந்தின் லைடன் நகரில் உருவான ஐரோப்பியச் சாசனம், மருத்துவமனையில் இருக்கும் குழந்தைக்குப் பெற்றோர் எந்நேரமும் உடனிருக்கும் உரிமை உண்டு என்றது.

கங்காரு பராமரிப்பு வந்த வழியோ நேர்மாறானது. செல்வ நாட்டு ஆய்வுக்கூடத்திலிருந்து அல்ல, இன்குபேட்டர் போதாத ஏழை மருத்துவமனை ஒன்றிலிருந்து அது வந்தது. 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு தோலும் தோலும் படும்படி வைக்கச் சொன்னார். நெடுங்காலம் இது, உடல்நிலை சீரான குழந்தைக்குத் தரும் கூடுதல் பராமரிப்பாகவே கருதப்பட்டது. அந்த எண்ணத்தை உடைத்தது உலக சுகாதார நிறுவனம் ஒருங்கிணைத்து 2021-ல் வெளியான ஆய்வு. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாட்டு மருத்துவமனைகளில் ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் எடையுள்ள 3,211 குழந்தைகளை வைத்து நடந்தது. இந்திய மையம் டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை. உடல்நிலை சீராகும்வரை காத்திராமல், பிறந்த உடனே கங்காரு பராமரிப்பு தொடங்கிய குழந்தைகளில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 12.0 சதவீதம். மற்றக் குழுவில் 15.7 சதவீதம். பலன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். இதற்காக அந்த மருத்துவமனைகள் தாய்க்குத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே கட்டில் போட்டன. இயந்திரம் வாங்குவதைவிட அந்தக் கட்டிலைப் போடுவதற்குத்தான் நிர்வாகங்கள் அதிகம் தயங்கும் என்று தோன்றுகிறது.

2022 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட புதிய வழிகாட்டுதல் உடனடிக் கங்காரு பராமரிப்பை உலகுக்கே பரிந்துரையாக்கியது. பிறந்ததிலிருந்து நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம், முடிந்தவரை அதிகமாக, தோலோடு தோல் வைத்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். குடும்பத்தாரைப் பராமரிப்பில் சேர்ப்பதும், அவர்களுக்கு ஆதரவு தருவதும் பரிந்துரைகளாக இடம்பெற்றன. இந்தியாவில் குடும்பப் பங்கேற்புப் பராமரிப்புக்கான நடைமுறை நெறிகளை மத்திய சுகாதார அமைச்சகம் 2017-லேயே வெளியிட்டிருந்தது.

குரலும் மகுடியும்

தீவிர சிகிச்சைப் பிரிவு சத்தமான இடம். மானிட்டர் அலாரம், கதவு, வென்டிலேட்டர் என ஓயாத ஒலிகள். கருப்பையில் கேட்டிருக்க வேண்டிய தாயின் குரல் மட்டும் குறைவு. ஜெனீவாவில் பேராசிரியர் பெட்ரா ஹுப்பியின் குழு இந்த இடைவெளியை இசையால் நிரப்பிப் பார்த்தது. சுவிஸ் யாழிசைக் கலைஞர் ஆண்ட்ரியாஸ் ஃபோலன்வைடர் மருத்துவமனைக்கே வந்து, குழந்தைகளின் அருகில் பல வாத்தியங்களை வாசித்து, அவர்கள் எதற்கு எப்படி அசைகிறார்கள் என்று பார்த்தார். அதிகம் ஈர்த்தது நம் பாம்பாட்டிகளின் மகுடி. மிகவும் கலங்கிக்கொண்டிருந்த குழந்தைகளும் அதன் ஒலியில் சட்டென்று அமைதியானார்கள் என்று குழு தெரிவித்தது. மகுடி, யாழ், மணி ஆகியவற்றைக் கொண்டு விழிக்கும் நேரத்துக்கும், விழித்திருக்கும் நேரத்துக்கும், தூங்கப்போகும் நேரத்துக்குமாக எட்டெட்டு நிமிட இசை உருவானது. அதைக் கேட்ட குறைமாதக் குழந்தைகளின் மூளை இணைப்புகள், கேட்காதவர்களைவிட, மாதம் நிறைந்து பிறந்தவர்களின் இணைப்புகளை ஒத்து வளர்ந்திருந்ததாக 2019-ல் வெளியான அவர்களது எம்.ஆர்.ஐ. ஆய்வு கூறுகிறது. இது சிறிய ஆய்வு. மகுடிப் பாட்டைக் கைப்பேசியில் போட்டுக் குழந்தையின் காதருகே வைக்கச் சொல்லும் அறிவுரையாக இதைக் கொள்ளக் கூடாது. ஒலியின் அளவு அங்கே மருந்தின் அளவைப் போலவே கட்டுப்படுத்தப்படுகிறது.

பெற்றோருக்கு இதைவிட நேரடியாக உதவுவது ஜெனீவா பல்கலைக்கழகத்தின் மனுவெலா ஃபிலிப்பா, டிடியே கிராஞ்சான் ஆகியோர் 2021-ல் வெளியிட்ட ஆய்வு. இத்தாலியின் ஆவோஸ்தா நகர மருத்துவமனையில் 20 குறைமாதக் குழந்தைகளுக்குக் குதிகாலில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கும்போது, தாய் அருகிலிருந்து பேசினார் அல்லது பாடினார். தாய் பேசியபோது வலியின் அறிகுறிகள் குறைந்தன, ஆக்சிடோசின் என்ற ஹார்மோனின் அளவு கூடியது. ஊசி போடும்போது அம்மாவை வெளியே அனுப்பும் பழக்கத்துக்கு இனி நல்ல காரணம் சொல்வது கடினம்.

பெற்றோரின் மனம்

பக்கத்து நகரமான லொசானில் நடந்து 2003-ல் வெளியான ஆய்வு ஒன்று, குறைமாதப் பிறப்புக்குப் பின் பெற்றோரிடம் தோன்றும் அதிர்ச்சி அறிகுறிகளுக்கும், பின்னாளில் குழந்தையின் தூக்க, உணவுச் சிக்கல்களுக்கும் தொடர்பைக் கண்டது. விபத்திலோ போரிலோ சிக்கியவர்களுக்கு வரும் அதே வகை அறிகுறிகள்: அலாரம் சத்தம் கனவில் கேட்பது, அந்த வார்டின் பக்கம் போகவே முடியாமை, எதற்கெடுத்தாலும் திடுக்கிடுவது. தாய்க்கு வருவது வெளியே தெரியும். தகப்பன் வேலைக்குப் போய், மருத்துவரிடம் பேசி, உறவினருக்குத் தொலைபேசியில் தகவல் சொல்லி ஓடிக்கொண்டிருப்பதால் அவருடையது மாதங்கள் கழித்தே தெரியவரும்.

விடுப்பும் செலவும்

மகப்பேற்றுக் காப்பீடு வேண்டும் என்று சுவிஸ் அரசியலமைப்பு 1945-ல் சொன்னது. நாடு முழுவதற்குமான சட்டம் 2005-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அறுபது ஆண்டு தாமதம். பொறுக்க முடியாத ஜெனீவா மாநிலம் 2001-லேயே தனக்கென 16 வாரக் காப்பீட்டைத் தொடங்கிவிட்டது. கூட்டாட்சிச் சட்டம் தருவது 14 வாரம், சம்பளத்தின் 80 சதவீதம், உச்சவரம்புக்கு உட்பட்டு.

குழந்தை மருத்துவமனையிலேயே இருந்தால் இந்த விடுப்பு வீடு திரும்புமுன் தீர்ந்துபோகும். 2021 ஜூலை 1 முதல், பிறந்த குழந்தை இரண்டு வாரத்துக்குக் குறையாமல் தொடர்ந்து மருத்துவமனையில் தங்க நேர்ந்தால், விடுப்புக்குப் பின் வேலைக்குத் திரும்பவுள்ள தாய்க்கு உதவித்தொகை மேலும் 56 நாள் வரை நீள்கிறது. கடுமையாக நோயுற்ற குழந்தையைப் பார்த்துக்கொள்ள, வேலை பார்க்கும் பெற்றோருக்கு 18 மாதத்துக்குள் பகிர்ந்து எடுக்கக்கூடிய 14 வார விடுப்பும் அதே நாள் நடைமுறைக்கு வந்தது. தகப்பனுக்கான இரண்டு வார விடுப்பு அதே ஆண்டு ஜனவரியிலிருந்து. வேலையில் இல்லாத தாய்க்கு இந்தத் தொகைகள் பெரும்பாலும் கிடைப்பதில்லை என்பது இந்த ஏற்பாட்டின் ஓட்டை.

குழந்தை பிறந்து மூன்று மாதத்துக்குள் கட்டாய மருத்துவக் காப்பீட்டில் சேர்த்துவிட்டால் பிறந்த நாளிலிருந்தே அது செல்லும். சட்டம் ஏற்றுக்கொண்ட பிறவிக் குறைகளுக்கான சிகிச்சைச் செலவை மாற்றுத்திறனாளிகளுக்கான கூட்டாட்சிக் காப்பீடு 20 வயது வரை ஏற்கிறது. அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். எல்லைக்கு அப்பால் பிரான்சில் குடியிருந்து ஜெனீவாவில் வேலை பார்ப்பவர்களுக்கும், ஐ.நா. ஊழியர்களுக்கும் காப்பீட்டு விதிகள் வேறு.

தமிழ்க் குடும்பங்கள்

1980-களிலிருந்து அகதிகளாக வந்த இலங்கைத் தமிழரும் அவர்கள் பிள்ளைகளுமாக சுவிட்சர்லாந்தில் சுமார் 50,000 பேர் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. பெரும்பாலோர் ஜெர்மன் பேசும் மாநிலங்களில். பிரெஞ்சு பேசும் ஜெனீவாவில் குறைவு. பிள்ளை பெற்றவளுக்குத் தாய்வீட்டில் நடக்கும் காரியங்கள், பத்தியம், சரக்குக் கறி, வேது நீர், கைமாற்றிப் பிள்ளையைத் தூக்க நாலு பேர் எல்லாம் ஊரோடு நின்றுவிட்டன. அம்மம்மாவை வரவழைக்க விசா வேண்டும், அதற்கும் மாதங்கள் பிடிக்கும்.

யாழ்ப்பாண வழக்கத்தில் 31 நாள் துடக்கு. பிள்ளையும் தாயும் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டிய அந்த நாட்களில்தான் தாய் தினமும் ட்ராமேறி ஆஸ்பத்திரிக்குப் போகிறாள், பம்பில் பால் எடுத்துப் போத்தலில் பெயரெழுதிக் கொடுக்கிறாள், சட்டைக்குள் பிள்ளையை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் சாய்ந்திருக்கிறாள். அரைநாணும் பொட்டும் எண்ணெயும் வீடு வரும்வரை காத்திருக்கலாம், தாய்ப்பால் காத்திருக்க முடியாது என்பதைப் பெரியவர்கள் விளங்கிக்கொண்டால் தாயின் பாரம் பெருமளவு குறையும்.

மொழி இன்னொரு சுவர். ரத்தக் கசிவின் அளவு, அறுவைக்கான ஒப்புதல், சிகிச்சையைத் தொடர்வதா நிறுத்துவதா என்ற பேச்சு, இவற்றைப் பள்ளிக்கூடம் போகும் மூத்த பிள்ளையை வைத்து மொழிபெயர்த்துக் கேட்பது கொடுமை, அந்தப் பிள்ளைக்கும்தான். ஜெனீவா செஞ்சிலுவைச் சங்கம் பயிற்சி பெற்ற சமூக மொழிபெயர்ப்பாளர்களை மருத்துவமனைகளுக்கு அனுப்பும் சேவையை நடத்துகிறது. பிரெஞ்சு ஓரளவு தெரியும் என்பதற்காக இதைக் கேட்காமல் விடுவோர் உண்டு. கடையில் பேசப் போதுமான பிரெஞ்சு இந்த உரையாடலுக்குப் போதாது.

வீடு திரும்பிய பின்

குறைமாதக் குழந்தையின் வளர்ச்சியைப் பிறந்த தேதியிலிருந்து கணக்கிடுவதில்லை. பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து கணக்கிடுகிறார்கள். இதற்குத் திருத்திய வயது என்று பெயர். பத்து வாரம் முந்திப் பிறந்த பிள்ளை ஆறு மாதத்தில் குப்புற விழவில்லை என்று பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுக் கலங்குவது வீண். தடுப்பூசிக்கு மட்டும் இந்தக் கழித்தல் பொருந்தாது, அது பிறந்த தேதிப்படியே. இன்னொன்று, எந்தப் பச்சிளங்குழந்தைக்கும் உரியது: மலம் வெளிறிச் சுண்ணாம்பு நிறமாக இருந்தாலோ, மஞ்சள் காமாலை இரண்டு வாரத்துக்குமேல் நீடித்தாலோ அது பித்தநாள அடைப்பாக இருக்கலாம். அறுவை எவ்வளவு சீக்கிரம் நடக்கிறதோ அவ்வளவுக்குக் கல்லீரல் தப்பும். இதற்காகவே சுவிட்சர்லாந்தில் மல நிற அட்டை ஒன்று பெற்றோருக்குத் தரப்படுகிறது.

மிகவும் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை சுவிஸ் மையங்கள் திருத்திய வயது இரண்டிலும், பின்பு ஐந்து வயதை ஒட்டியும் மீண்டும் அழைத்து நடை, பேச்சு, பார்வை, கவனம் ஆகியவற்றைச் சோதிக்கின்றன. பிள்ளை ஓடியாடித் திரிகிறதே, இனி எதற்கு என்று பல பெற்றோர் ஐந்து வயதுச் சோதனைக்கு வருவதில்லை. கவனக் குறைவும் கற்றல் சிரமமும் தெரியத் தொடங்குவது அந்த வயதில்தான். அழைப்புக் கடிதம் வந்தால் தவறாமல் போய்வாருங்கள்.