பட்டமும் பதவியும்

பேராக் மாநிலத்துத் தோட்டப்புறங்களில் கத்தோலிக்கக் குருவைத் தமிழ் மக்கள் ‘சாமி’ என்றே அழைத்து வந்தனர். ஏட்டிலோ சங்கைக்குரிய, மேதகு, மொன்சிஞ்ஞோர் எனப் பல காண்கிறோம். இவற்றுள் பதவி எது, வெறும் பட்டம் எது என்னும் ஐயம் ஆசிரியர்க்கும் எழுவதுண்டு.

மேற்றிராணியார் என்பது பதவிப் பெயர். சிரியச் சொல்லின் திரிபாகிய இதன் இடத்தை இன்று ‘ஆயர்’ பெற்றுவிட்டது. முல்லை நிலத்தார் பெயர் இங்ஙனம் உயர்ந்தது நமக்கு உவகையே. பாகான் செராயில் 1880களில் தமிழ்க் கத்தோலிக்கரைக் குடியமர்த்திய பிரெஞ்சுக் குரு ரெனே ஃபே 1896இல் மலாக்கா ஆயரானார். ஆனால் அவர் உறைவிடம் சிங்கப்பூர். ஊர் ஒன்று, பெயர் ஒன்று! இதனினும் வியப்பு, பெயரளவு ஆயர் முறை. துணை ஆயர்க்குத் தமக்கென மறைமாவட்டம் இல்லாமையால், பண்டு அழிந்த ஏதேனும் ஒரு நகரின் பெயரை அவர்க்குச் சூட்டுவர். தாப்பாவில் பிறந்த மர்பி பாக்கியம் 1995இல் கோலாலம்பூர்த் துணை ஆயரானபோதும் முறை இதுவே. 2003இல் அவர் பேராயரானார்.

மொன்சிஞ்ஞோர் என்பதோ ‘என் தலைவர்’ எனப் பொருள்படும் இத்தாலியச் சொல். ஆளும் அதிகாரம் எதனையும் அது தருவதில்லை. முதன்மைக் குருவுக்குள்ள அதிகாரம் அவர் ஏற்ற பணியால் வருவது; பட்டத்தால் அன்று. இதற்கிருந்த பல படிகளை ஆறாம் பவுல் 1968-69இல் மூன்றாகக் குறைத்தார். மறைமாவட்டக் குருக்களுள் 65 வயது நிரம்பியோர்க்கே இனி வழங்கப்பெறும், அதுவும் கடைசிப் படி மட்டுமே என 2014இல் பிரான்சிஸ் வரையறுத்தார். முன்னரே பெற்றோர் அதனை இழக்கவில்லை.

பேராக் மக்களுக்கு அணுக்கமான சான்று கர்தினால் நிலை. 1955இல் அமைந்த பினாங்கு மறைமாவட்டத்துள் பேராக்கும் அடங்கும். அங்கு முன்னர் ஆயராயிருந்து, பின் கோலாலம்பூர்ப் பேராயராகி ஓய்வுபெற்ற அந்தோணி சோத்தர் பெர்னாண்டஸ், 2016இல் மலேசியாவின் முதல் கர்தினாலானார். அப்போது அவர்க்கு வயது 84. எண்பது கடந்தோர் திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்க வாக்களித்தல் இயலாது. ஆதலின் அவர் பெற்ற சிவப்புத் தொப்பி முற்றிலும் மதிப்பின் அடையாளமே. அதே பினாங்கின் ஆயர் செபஸ்தியான் பிரான்சிஸ் 2023இல் கர்தினாலானார்; 2025 மே மாதத் தேர்தலில் வாக்கும் அளித்தார்.