பட்டங்களின் படிநிலை: அம்பேத்கரின் கல்விப் பயணத்தின் வழியே ஒரு விளக்கம்

அண்ணல் அம்பேத்கரின் பெயருக்குப் பின்னால் எம்.ஏ., பிஎச்.டி., எம்.எஸ்சி., டி.எஸ்சி., பார்-அட்-லா, எல்எல்.டி., டி.லிட். என்ற எழுத்துகளை வரிசையாக அச்சிடுவது நம் சுவரொட்டிகளின் வழக்கம். பெருமிதத்தோடு செய்யப்படும் இச்செயலில் ஒரு செய்தி மறைந்துவிடுகிறது. இவை அனைத்தும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. சில, தேர்வெழுதியும் ஆய்வு செய்தும் ஈட்டியவை. ஒன்று தொழில்புரியும் உரிமை. இரண்டு, பல்கலைக்கழகங்கள் மதிப்பளித்து வழங்கியவை. இவ்வேறுபாட்டைச் சொல்லித்தர வீட்டில் ஒரு பட்டதாரி இருக்கும் மாணவருக்கு இது இயல்பாகவே தெரிந்துவிடுகிறது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குள் நுழையும் தலித் மாணவரோ, தவறான படிப்பில் ஓரிரு ஆண்டுகளை இழந்த பின்னரே இதனை அறிகிறார். எனவே, படிநிலைகளை வரிசையாகக் காண்போம்.

இளநிலை

பல்கலைக்கழகக் கல்வியின் முதற்படி இளநிலைப் பட்டம். அம்பேத்கர் 1912-இல் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று, பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் பி.ஏ. பட்டம் பெற்றார். பொருளியலும் அரசியலும் அவருடைய பாடங்கள்.

இன்று இந்தியாவில் கலை, அறிவியல், வணிகவியல் இளநிலைப் படிப்புகள் பெரும்பாலும் மூன்றாண்டுகள்; பொறியியல் நான்காண்டுகள். பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்டச் சட்டகம் நான்காண்டு இளநிலைப் படிப்பை முன்வைக்கிறது. அதன்படி 120 மதிப்பலகுகளுடன் மூன்றாண்டுகள் முடிப்பவருக்கு இளநிலைப் பட்டம். 160 மதிப்பலகுகளுடன் நான்காண்டுகள் முடிப்பவருக்கு ஆனர்ஸ் எனப்படும் சிறப்புப் பட்டம். முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடும் அதற்கு மேலும் பெற்றோர், நான்காம் ஆண்டில் ஆய்வுடன் கூடிய ஆனர்ஸ் பட்டத்தைத் தேர்ந்துகொள்ளலாம்.

‘ஆனர்ஸ்’ என்ற சொல் பிரிட்டனில் வேறு பொருளும் தருகிறது. அங்கு ஆனர்ஸ் பட்டமே முதல் வகுப்பு, மேல் இரண்டாம் வகுப்பு, கீழ் இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு எனத் தரம் பிரிக்கப்படுகிறது. நம் மதிப்பெண் பட்டியலில் காணும் ‘முதல் வகுப்பு’, ‘டிஸ்டிங்ஷன்’ என்பவையும் இத்தகைய தரக்குறியீடுகளே. அவை தனிப் பட்டங்கள் அல்ல. பல பல்கலைக்கழகங்கள், முதல் முயற்சியிலேயே எல்லாத் தாள்களிலும் தேறியவருக்கு மட்டுமே டிஸ்டிங்ஷனும் தரவரிசையும் தருகின்றன. ஒரு தாளில் அரியர் வைத்தால் இழப்பது என்ன என்பதை மாணவர் முதல் பருவத்திலேயே தம் பல்கலைக்கழக விதிநூலில் பார்த்துவிட வேண்டும்.

இடையில் வெளியேறும் வாயில்

அதே சட்டகம், ஓராண்டுடன் வெளியேறுவோருக்குச் சான்றிதழும், ஈராண்டுடன் வெளியேறுவோருக்குப் பட்டயமும் வழங்க வழிசெய்கிறது. வெளியேறியவர் மூன்றாண்டுகளுக்குள் திரும்பி வந்து, மொத்தம் ஏழாண்டுகளுக்குள் பட்டத்தை முடிக்கலாம். இதனை நெகிழ்வு என்று ஆதரிப்போர் கூறுகின்றனர். ஆனால் சான்றிதழும் பட்டயமும் பட்டம் ஆகா. பட்டதாரி என்ற தகுதி கேட்கும் எந்தப் பணிக்கும் அவற்றைக் கொண்டு விண்ணப்பிக்க இயலாது.

இங்கும் அம்பேத்கரின் வாழ்வு ஒரு பாடம். 1916-இல் இலண்டன் பொருளியல் பள்ளியில் சேர்ந்த அவர், பரோடா அரசின் உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917-இல் படிப்பை இடையில் விட்டுத் திரும்ப நேர்ந்தது. நான்காண்டுகளுக்குள் மீண்டும் வந்து தொடரலாம் என்ற அனுமதி அவரிடம் இருந்தது. எனினும், 1920-இல் அவரை மீண்டும் கப்பலேற்றியது அனுமதிக் கடிதம் மட்டும் அன்று. சிடன்ஹாம் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றிச் சேர்த்த பணமும், கோல்ஹாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியும், நண்பர் நவல் பதேனா தந்த கடனும் சேர்ந்தே அதனை இயலச் செய்தன. பணம் இல்லாமல் வெளியேறியவருக்குத் திரும்பிவரப் பணம் யார் தருவது என்ற கேள்விக்கு விடையளிக்காத வரையில், வெளியேறும் வாயில் இடைநிற்றலுக்கு இடப்பட்ட இன்னொரு பெயராகவே அமையும்.

முதுநிலை

இரண்டாம் படி முதுநிலை. அம்பேத்கர் 1915-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. பட்டமும், 1921-இல் இலண்டன் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. பட்டமும் பெற்றார். இரண்டும் ஒரே நிலையைச் சேர்ந்தவை.

ஒரே நிலையில் இரண்டு பட்டங்கள் பெற விரும்பும் மாணவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை, ஒரு நிலையை முடித்தபின் அதே நிலையில் வேறொரு பாடத்தைப் படிப்பதற்குப் பொதுவாகக் கிடைப்பதில்லை. பி.ஏ. முடித்து பி.காம். சேர்வோரும், ஒரு எம்.ஏ. முடித்து இன்னொரு எம்.ஏ. சேர்வோரும் இதில் அடங்குவர். ஆகவே முதல் தேர்வே சரியான தேர்வாக இருத்தல் வேண்டும்.

நிலைகளின் வரிசையும் முதன்மையானது. தமிழ்நாட்டில் அரசுப் பணிக்கு, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு அல்லது அதற்கு இணையான பட்டயம், அதன்பின் இளநிலைப் பட்டம் என்ற வரிசையில் தேறியிருக்க வேண்டும் என்பது விதி. பள்ளிக் கல்வியை முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியாக நேரடியாகப் பெற்ற பட்டம், சட்டப்படி வழங்கப்பட்டதாயினும் இவ்விதியின் முன் நில்லாது.

முனைவர்

மூன்றாம் படி முனைவர் பட்டம். இது புதிய அறிவை ஆய்வேட்டின் வழியே நிறுவியமைக்காக வழங்கப்படுவது. அம்பேத்கரின் கொலம்பியா ஆய்வு 1925-இல் பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாண நிதி பற்றிய நூலாக அச்சாகி, 1927-இல் பிஎச்.டி. பட்டம் முறையாக வழங்கப்பட்டது. அதற்கு முன்பே, 1923-இல், ரூபாயின் சிக்கல் குறித்த ஆய்வுக்கு இலண்டன் பல்கலைக்கழகம் டி.எஸ்சி. பட்டம் அளித்தது. டி.எஸ்சி., டி.லிட். ஆகியவை இன்று பல பல்கலைக்கழகங்களில் பிஎச்.டி.க்கும் மேற்பட்ட முனைவர் பட்டங்களாகக் கருதப்படுகின்றன.

முதுநிலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் இடையே இருந்த எம்.ஃபில். எனும் ஆய்வியல் நிறைஞர் பட்டத்தை 2022-ஆம் ஆண்டு விதிமுறைகள் நிறுத்திவிட்டன. அதே விதிமுறைகளின்படி முனைவர் ஆய்வில் சேர முதுநிலையில் 55 விழுக்காடு தேவை. நான்காண்டு இளநிலை மட்டும் முடித்தவருக்கு 75 விழுக்காடு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் உள்ளிட்டோருக்கு இரண்டிலும் 5 விழுக்காடு தளர்வு உண்டு. இத்தளர்வு சலுகை அன்று, விதி. அதனை மறுக்கும் துறையிடம் எழுத்து வடிவில் காரணம் கேட்கலாம். பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய ஆய்வு உதவித்தொகை முழுநேர ஆய்வாளர்களுக்கே உரியது என்பதால், பகுதிநேரமாகப் பதிவு செய்யுமுன் இதனை எண்ணிப் பார்ப்பது நன்று.

பட்டம் அல்லாதவை

அம்பேத்கர் 1922-இல் கிரேஸ் இன் வழியாக வழக்கறிஞராக ஏற்கப்பட்டார். ‘பார்-அட்-லா’ என்பது பல்கலைக்கழகப் பட்டம் அன்று, வழக்காடும் தொழிலுரிமை.

1952-இல் கொலம்பியா பல்கலைக்கழகம் எல்எல்.டி. பட்டமும், 1953-இல் உஸ்மானியா பல்கலைக்கழகம் டி.லிட். பட்டமும் அவருக்கு அளித்தன. இவை மதிப்புறு பட்டங்கள். தேர்வோ ஆய்வேடோ இன்றி, ஒருவரின் பொதுவாழ்வுப் பணியைப் போற்றி வழங்கப்படுபவை. மேற்படிப்புக்கோ ஆசிரியர் பணிக்கோ இவை தகுதியாகா.

இந்த இடத்தில்தான் நம் இயக்கங்களுக்கு ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. பணம் பெற்றுக்கொண்டு ‘மதிப்புறு முனைவர்’ பட்டம் விற்கும் அமைப்புகள் உள்ளூர்ச் செயற்பாட்டாளர்களைத் தேடி வருகின்றன. 2023-இல் சென்னையில் நடந்த அத்தகைய ஒரு விழா காவல்துறைப் புகார்வரை சென்றது. 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு தெளிவானது: மத்திய அல்லது மாநிலச் சட்டத்தால் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் சிறப்பாக அதிகாரமளித்த நிறுவனம் ஆகியவை மட்டுமே பட்டம் வழங்க இயலும். அறக்கட்டளைகளுக்கும் சங்கங்களுக்கும் அவ்வதிகாரம் இல்லை. நூற்றாண்டுகளாகக் கல்வி மறுக்கப்பட்ட சமூகத்தின் மதிப்புவேட்கையை விலைபேசும் இவ்வணிகத்துக்கு நாம் மேடை தரலாகாது.

சேருமுன் கேட்க வேண்டியவை

எப்படிப்பிலும் சேருமுன் நான்கு கேள்விகளுக்கு விடை தேடுக. பட்டம் வழங்கும் நிறுவனத்துக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டா? இப்படிப்பு எந்த நிலையைச் சேர்ந்தது? நாம் விரும்பும் பணிக்கு இது இணைத் தகுதியாக ஏற்கப்பட்டுள்ளதா? இதற்கு உதவித்தொகை கிடைக்குமா? அம்பேத்கரின் பெயருக்குப் பின்னுள்ள எழுத்துகளை மனப்பாடமாகச் சொல்லும் ஒவ்வொரு மன்றமும், தன் பகுதியில் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் மாணவர்களிடம் இந்நான்கு கேள்விகளையும் கொண்டு சேர்க்கட்டும்.