பள்ளியும் அபயதானமும்: பாலக்காடு, இடுக்கி எல்லைப் பிள்ளைகளின் இரண்டாம் வாசல்

'பள்ளி' என்ற சொல்லைத் தினமும் சொல்கிறோம். அதன் பழைய பொருள் படுக்கை, தங்குமிடம். மலைக்குகைகளில் கற்படுக்கை வெட்டிச் சமண முனிவர்கள் தங்கிய இடம் பள்ளி. அங்கேயே ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கற்பித்தார்கள். அதனால் கற்கும் இடத்துக்கே அப்பெயர் நிலைத்தது என்று மயிலை சீனி. வேங்கடசாமி 'சமணமும் தமிழும்' நூலில் விளக்குகிறார். மலையாளத்தில் இன்று பள்ளி என்றால் தேவாலயம், மசூதி. ஆனால் பள்ளிக்கூடம் அங்கேயும் பள்ளிக்கூடம்தான்.

எங்கள் சமயத்தில் தானம் நான்கு: அன்னதானம், அபயதானம், ஔடததானம், சாத்திரதானம். அபயம் என்றால் அச்சம் நீக்கி அடைக்கலம் தருவது. சாத்திரம் என்றால் கல்வி. வந்தவாசிக்கு அருகில் உள்ள விடால் குகைப்பள்ளியில் 9-ஆம் நூற்றாண்டில் கனகவீரக் குரத்தியார் என்ற பெண் துறவி 500 மாணாக்கியருடன் இருந்ததை ஆதித்த சோழன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. தங்க இடம் தந்து, பிறகு பாடம் சொன்ன இடம் அது. பாலக்காட்டு ஜைனமேட்டிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. குமாரன் ஆசான் 1907-இல் அங்கே ஒரு ஜைனக் குடும்பத்தின் வீட்டில் தங்கியிருந்தபோதுதான் 'வீணபூவு' எழுதினார். முதலில் அடைக்கலம், பிறகு எழுத்து. இந்த வரிசையை மறந்தால் பின்தங்கிய பிள்ளை எப்படித் தோற்கிறான் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

கோடு போட்ட கதை

1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநில எல்லை வகுக்கப்பட்டது. சென்னை மாகாணத்து மலபாரில் இருந்த பாலக்காடும், கொச்சி ராஜ்யத்தைச் சேர்ந்திருந்த சித்தூர்ப் பகுதியும் கேரளத்துக்குள் வந்தன. திருவிதாங்கூர்த் தமிழர்கள் போராடியும் தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளத்திலேயே நின்றன. கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. கோடு மாறியது, கொழிஞ்சாம்பாறை வீட்டிலும் மூணாறு லயத்திலும் பேச்சு மாறவில்லை.

அரசு தமிழ்ப் பிள்ளைகளைக் கைவிட்டுவிட்டது என்று சொல்வது நியாயமாகாது. எஸ்டேட்டுகளில் தமிழ்வழித் தொடக்கப் பள்ளிகள் உண்டு, எஸ்.எஸ்.எல்.சி. வினாத்தாள் தமிழிலும் வரும். சிக்கல் நடுவில்தான். தொடக்கப் பள்ளியில் தமிழில் படித்த பிள்ளை, பக்கத்தில் தமிழ்வழி உயர்நிலைப் பள்ளி இல்லாவிட்டால் மலையாள வகுப்பில் போய் உட்கார வேண்டும். அங்கேதான் பல பேர் வாய் மூடிப் போகிறார்கள்.

என் கடையில் மூட்டை இறக்கிய ஒரு பையன் அப்படித்தான். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. பழைய மார்க் முறைக் காலத்தில் பத்தாவதில் கணக்கில் தோற்றவன். நாற்பது மூட்டைப் பருப்புக்குத் தரகு, ஏற்றுக்கூலி எல்லாம் சேர்த்து, நான் பேனா எடுப்பதற்குள் தொகை சொல்லிவிடுவான். ஒருநாள் அவனுடைய பழைய வினாத்தாளை வாங்கி, ஹரணம் என்றால் வகுத்தல், வ்யாசம் என்றால் விட்டம், கூட்டுபலிச என்றால் கூட்டுவட்டி என்று தமிழாக்கிக் கேட்டேன். பாதிக்கு மேல் அங்கேயே விடை சொன்னான். "இதைத்தான் அண்ணாச்சி கேட்டாங்களா?" என்றான். எனக்குப் பேச்சு வரவில்லை. இதில் இன்னொரு வேடிக்கை, 'பலிச' நம்ம சொல்தான். சோழர் கல்வெட்டுகளில் வட்டிக்குப் 'பலிசை' என்றே எழுதியிருக்கிறது. தன் பாட்டனார் சொல்லே தனக்கு அந்நியமாகி, அதிலேயே ஒரு பிள்ளை தோற்றுப் போனான்.

ஓராசிரியர் பள்ளியும் துல்யதையும்

இப்படி விழுந்தவர்களுக்கு அந்தக் காலத்தில் இருந்த ஒரே வாசல் ட்யூட்டோரியல். வேலை கிடைக்காத பட்டதாரிகள் ஓலைக் கொட்டகையிலும் மாடி அறையிலும் நடத்தினார்கள். காசு உள்ள வீட்டுக்கு அது உதவியது.

1990-களின் பிற்பாதியில் டி.பி.இ.பி. திட்டத்தில் மாற்றுப் பள்ளிகள் வந்தன. மலையாளத்தில் 'ஏகாத்யாபக வித்யாலயம்' என்றார்கள். மலையிலும் காட்டிலும் ஒரே ஆசிரியர் நான்கு வகுப்பையும் சேர்த்து நடத்தினார். இடுக்கியிலும் அட்டப்பாடியிலும் பழங்குடிப் பிள்ளைகள் பலருக்கு எழுத்தின் முதல் வாசல் அதுவே. உயர்நிலைப் பள்ளிக்கு வரும் பிள்ளையின் அடித்தளம் அங்கே போடப்பட்டது. 2022-இல் அரசு அவற்றை மூடியது. கால் நூற்றாண்டு பாடம் நடத்திய சிலருக்கு மாற்று வேலையாகக் கிடைத்தது பள்ளி கூட்டும் வேலை. பிள்ளைகளைப் பெரிய பள்ளிக்கு மாற்றியது சரியா தவறா என்று வாதாடலாம். அந்த ஆசிரியர்களுக்கு நடந்ததைச் சரி என்று என்னால் சொல்ல முடியாது.

அடுத்த வாசல் மாநில சாட்சரதா மிஷனின் 'துல்யதா', அதாவது சமநிலைத் தேர்வு. 1991 ஏப்ரல் 18-இல் முழு எழுத்தறிவு மாநிலமாக அறிவிக்கப்பட்ட கேரளம், எழுத்தறிவோடு நிற்காமல் 4, 7, 10, மேல்நிலை என்று படிகள் அமைத்தது. பத்தாம் தரத்துக்கு 17 வயது முடிந்திருந்தால் போதும். ஞாயிறும் விடுமுறை நாளும் வகுப்பு. வேலையை விட வேண்டியதில்லை. 2018-இல் கார்த்தியாயினி அம்மாள் 96 வயதில் எழுத்தறிவுத் தேர்வில் 100-க்கு 98 வாங்கினார். தையல் கடையில் வாழ்க்கையைத் தொடங்கிய நடிகர் இந்திரன்ஸ் 2024-இல் ஏழாம் தரம் எழுதித் தேறினார். என் கடைப் பையனும் இந்த வாசலில்தான் பத்தாவது முடித்தான், இரண்டாவது முயற்சியில். அந்தச் சான்றிதழைக் கடையில் தராசுக்கு மேலே மாட்டினோம்.

தேர்ச்சி ஒன்று, தெளிவு ஒன்று

2005-இல் மார்க் போய் கிரேடு வந்தது. 2023-இல் எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சி 99.70 விழுக்காடு. அப்படியானால் பின்தங்கிய பிள்ளையே இல்லையா? அரசே அப்படி நம்பவில்லை. 2024-25-இல் எட்டாம் வகுப்பிலிருந்து பாடத்துக்குக் குறைந்தது 30 விழுக்காடு எழுத்துத் தேர்வு மதிப்பெண் வேண்டும் என்றது. எட்டாதவர்களுக்கு 2025 ஏப்ரலில் கூடுதல் வகுப்பும் மறுதேர்வும் நடத்தியது. நல்ல ஏற்பாடு. ஆனால் ஆண்டு முழுக்கப் புரியாத பிள்ளைக்கு, புரியாத அதே மொழியில் இன்னும் சில நாள் பாடம் சொன்னால் எவ்வளவு ஏறும்? வீட்டு மொழியில் ஒருமுறை சொல்ல ஆள் இருந்தால்தான் அந்த நாட்களுக்குப் பலன்.

நானும் பத்தாவது தேறாதவன். மாமா கடையில் நின்று, இரவில் படித்தவன். எனக்கு அன்று பாடத்தைவிட முதலில் வேண்டியிருந்தது, "தோத்தவன்" என்று சொல்லாத ஒரு திண்ணை. அதை மாமா கொடுத்தார்.

அதைத்தான் நம் சங்கத்துக் குடும்பங்களிடம் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நம்ம மண்டபம் பெரும்பாலும் பூட்டித்தான் கிடக்கிறது. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்; இரண்டு மொழியும் தெரிந்த கல்லூரிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். எட்டாவது முதல் பத்தாவது வரை உள்ள பிள்ளைகளுக்குக் கணக்கையும் அறிவியலையும் தமிழில் விளக்கி, அதற்கு மலையாளச் சொல் என்ன என்று பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் போதும். துல்யதா எழுதும் பெரியவர்களும் அங்கேயே உட்காரட்டும். விளக்கு, பாய், குடிநீர்ச் செலவு என் பொறுப்பு. அபயதானம் முதலில், சாத்திரதானம் அதன் பின்னால் தானே வரும்.