கருப்பதிவுக்கு முந்தைய மரபியல் சோதனை: வரலாறும் நம்பகத்தன்மையும்

கருப்பதிவுக்கு முந்தைய மரபியல் சோதனை என்பது, உடலுக்கு வெளியே கருவுறச் செய்து வளர்த்த கருவைக் கருப்பையில் வைப்பதற்கு முன்பு, அதிலிருந்து ஓர் உயிரணுவையோ சில உயிரணுக்களையோ எடுத்து ஆராய்ந்து, எந்தக் கருவை வைப்பது, எதை விலக்குவது என்று முடிவுசெய்யும் முறையாகும். ஒரே பெயரால் வழங்கினாலும் நம்பகத்தன்மையில் பெரிதும் வேறுபடும் இரண்டு சோதனைகள் இதற்குள் அடங்கும். பெற்றோரிடம் இருப்பதாக முன்பே தெரிந்த ஒரு மரபணுக் கோளாறு கருவுக்கு வந்துள்ளதா என்று தேடுவது ஒன்று. அத்தகைய கோளாறு எதுவும் அறியப்படாத தம்பதியரின் கருக்களில் குரோமோசோம்களின் எண்ணிக்கை சரியாக உள்ளதா என்று பொதுவாகச் சலித்துப் பார்ப்பது மற்றொன்று.

முயல் கருக்களின் வெளிப்படலத்திலிருந்து சிறு துண்டை வெட்டியெடுத்து அவற்றின் பாலினத்தைக் கணிக்க முடியும் என்பதை ராபர்ட் எட்வர்ட்ஸும் ரிச்சர்ட் கார்ட்னரும் 1967இல், அதாவது முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறப்பதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே, காட்டினர். மனிதரில் இது நடைமுறைக்கு வந்தது 1990இல், லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் ஆலன் ஹேண்டிசைடு, ராபர்ட் வின்ஸ்டன் குழுவினரின் கைகளில். ஆண் குழந்தைகளையே பெரிதும் தாக்கும் எக்ஸ் குரோமோசோம் சார்ந்த நோய்கள் இருந்த குடும்பங்களுக்காக, மூன்று நாள் வளர்ந்த கருவிலிருந்து ஓர் உயிரணுவைப் பிரித்து, ஒய் குரோமோசோமுக்கே உரிய டிஎன்ஏ துணுக்கைப் பிசிஆர் முறையில் பெருக்கிப் பார்த்து, அது தென்படாத கருவைப் பெண் கருவெனக் கொண்டனர். இம்முறையின் பலவீனம் அதன் தர்க்கத்திலேயே இருந்தது: பெருக்கம் நிகழாமல் போனால் ஆண் கருவும் பெண்ணாகவே தோன்றும்.

1992இல் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோய்க்காகச் சோதிக்கப்பட்ட கருவிலிருந்து குழந்தை பிறந்தது. தாய்வழி, தந்தைவழி என இருக்கும் இரு மரபணுப் பிரதிகளில் ஒன்று மட்டும் பெருகாமல் விடுபட்டு, நோயைக் கடத்தக்கூடிய கருவும் நலமானதாகத் தோன்றும் ஆபத்து இத்தகைய சோதனைகளில் இருந்தது. சோதிக்கப்படும் மரபணுவுக்கு அருகிலுள்ள அடையாளத் துணுக்குகளையும் சேர்த்துப் படிப்பது, வேற்று விந்தணுவின் டிஎன்ஏ கலந்துவிடாதபடி ஒரே விந்தணுவை முட்டைக்குள் நேரடியாகச் செலுத்துவது ஆகிய திருத்தங்களால் பிழை மிகவும் குறைந்தது. ஆயினும் கருவுற்றபின் பனிக்குட நீரையோ நஞ்சுக்கொடித் திசுவையோ சோதித்து முடிவை உறுதிசெய்துகொள்ளுமாறு மருத்துவர்கள் இன்றும் பரிந்துரைக்கின்றனர்.

குரோமோசோம் சலிப்பின் கதை இவ்வளவு நேரானதன்று. வயது ஏற ஏறப் பெண்ணின் முட்டைகளில் குரோமோசோம் எண்ணிக்கை பிறழ்வது மிகுகிறது, கருச்சிதைவுகளில் பெரும்பங்கு இதனால் நேர்கிறது, ஆகவே பிறழ்ந்த கருக்களை விலக்கினால் வெற்றி கூடும் என்ற வாதம் மறுக்க முடியாததாகவே தோன்றியது. 1990களில் சாந்தியாகோ முன்னே முதலியோர் வளர்த்த ஃபிஷ் என்னும் ஒளிரும் சாய முறை, சில குரோமோசோம்களை மட்டுமே எண்ணக்கூடியதாக இருந்தும், தக்க ஒப்பீட்டாய்வு வருமுன்பே மருத்துவமனைகளில் பரவிவிட்டது. 2007இல் நெதர்லாந்தின் மாஸ்டன்புரூக் குழுவினர் 35 முதல் 41 வயது வரையிலான 408 பெண்களிடம் நடத்திய ஆய்வில், சோதனை செய்துகொண்டவர்களில் 24 விழுக்காட்டினருக்கும் செய்துகொள்ளாதவர்களில் 35 விழுக்காட்டினருக்கும் குழந்தை பிறந்தது. சோதனை உதவவில்லை என்பதோடு நில்லாமல் வாய்ப்பையே குறைத்தது. ஏறத்தாழ எட்டு உயிரணுக்களே உள்ள கருவிலிருந்து ஒன்றை எடுப்பதன் பாதிப்பும், அந்த ஒன்று முழுக்கருவுக்கும் சான்றாகாது என்பதும் இதற்குக் காரணங்களாகக் கருதப்பட்டன.

அடுத்த தலைமுறைச் சோதனை ஐந்தாம் நாள் கருவுக்கு, அதாவது பிளாஸ்டோசிஸ்ட் நிலைக்கு, மாறியது. பின்னர் நஞ்சுக்கொடியாக வளரும் வெளிப்படலத்திலிருந்து ஐந்து முதல் பத்து உயிரணுக்களை எடுத்து, 24 வகைக் குரோமோசோம்களையும் புதிய டிஎன்ஏ வரிசை முறைகளால் எண்ண முடிந்தது. கருவியின் துல்லியம் ஐயத்துக்கு இடமின்றி உயர்ந்தது. குழந்தைப்பேறு அந்த அளவுக்கு உயரவில்லை. சாந்தியாகோ முன்னேயே தலைமையேற்று 2019இல் வெளியிட்ட 661 பெண்களின் ஆய்வில் தொடர் கருத்தரிப்பு விகிதம் ஒட்டுமொத்தமாகச் சோதனைப் பிரிவில் 50, சோதனையற்ற பிரிவில் 46 விழுக்காடு என்றே நின்றது. அது புள்ளியியல் நோக்கில் வேறுபாடே அன்று. 2021இல் சீனாவில், நல்ல கருக்கள் பல கிடைத்த 1,212 பெண்களிடம் நடந்த ஆய்வில் சோதனைப் பிரிவில் 77.2, சோதனையற்ற பிரிவில் 81.8 விழுக்காட்டினர் குழந்தை பெற்றனர். கருச்சிதைவு மட்டும் சோதனைப் பிரிவில் குறைந்தது. சலிப்பு எந்தக் கருவையும் செம்மைப்படுத்துவதில்லை, இருப்பவற்றை வரிசைப்படுத்த மட்டுமே செய்கிறது என்பதால் இம்முடிவில் வியப்பில்லை.

இச்சோதனையின் பிழைகளுள் ஒருவகை எளிதில் வெளிப்படாது. குறையுள்ள கருவை நல்லதெனத் தவறாகக் கூறினால் அது கருச்சிதைவாகவோ நோயாகவோ தெரியவரும். நல்ல கருவைக் குறையுள்ளதெனக் கூறி அழித்துவிட்டால் தவறு நடந்ததற்கான தடயமே எஞ்சாது. ஒரே கருவில் சரியான உயிரணுக்களும் பிறழ்ந்தவையும் கலந்திருக்கும் மொசைக் நிலை இந்த ஐயத்தைக் கூர்மையாக்கியது. அத்தகைய கருக்களை 18 பெண்களுக்கு வைத்ததில் ஆறு நலமான குழந்தைகள் பிறந்ததை 2015இல் இத்தாலியின் கிரேக்கோ குழுவினர் அறிவித்தனர். கருவின் உட்பகுதியிலுள்ள பிறழ்ந்த உயிரணுக்கள் தாமே மடிந்து நீங்கக்கூடும் என்பதைக் கேம்பிரிட்ஜின் மக்தலேனா செர்னிக்கா-கோட்ஸ் குழுவினர் 2016இல் எலிக் கருக்களில் காட்டினர். மறுபுறம், சோதனை முடிவை மறைத்துவைத்துக் கருக்களைப் பதித்து 2021இல் வெளியான அமெரிக்க ஆய்வில், குரோமோசோம் எண்ணிக்கை முற்றிலும் பிறழ்ந்ததாகப் பின்னர் தெரியவந்த 102 கருக்களில் ஒன்றுகூடக் குழந்தையாகவில்லை. ஆகவே தெளிவான பிறழ்வு என்னும் முடிவை ஏற்பதற்கு வலுவான ஆதாரம் உண்டு; இடைப்பட்ட முடிவுகளுக்கு அந்த வலு இல்லை. பிரிட்டனின் ஒழுங்குமுறை அமைப்பான எச்எஃப்இஏ, பெரும்பாலோரின் குழந்தைப்பேற்று வாய்ப்பைக் கூட்டுவதில் இச்சோதனைக்குச் சிவப்புக் குறியையும் கருச்சிதைவைக் குறைப்பதில் பச்சைக் குறியையும் அளித்திருப்பது இந்நிலையையே காட்டுகிறது.

கருவைத் தொடாமல், அது வளர்ந்த ஊடகத் திரவத்தில் கசிந்திருக்கும் டிஎன்ஏவை மட்டும் சோதிக்கும் முறையும் ஃபிஷ் முறையைப் போலவே அவசரத்துக்கு ஆளானது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் ஐவிஎஃப் நிறுவனம் 2019இல் தொடங்கிய இச்சேவை, முடிவுகளின் துல்லியம் ஐயத்துக்குள்ளானதால் 2020இல் நிறுத்தப்பட்டது. நலமாயிருந்திருக்கக்கூடிய கருக்கள் பிறழ்ந்தவையென விலக்கப்பட்டன என்று எழுநூறுக்கும் மேற்பட்டோர் தொடுத்த வழக்கு, 2024இல், நிறுவனம் பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலேயே, 5.6 கோடி ஆஸ்திரேலிய டாலர் இழப்பீட்டு உடன்பாட்டில் முடிந்தது.