ஆர்தர் காட்டன்

சர் ஆர்தர் தாமஸ் காட்டன் (15 மே 1803 – 24 ஜூலை 1899) காவிரி, கோதாவரிப் படுகைகளின் பாசனத்தைத் திருத்தியமைத்த ஆங்கிலேயப் பொறியாளர். அணை கட்டியவர் என்ற அளவிலேயே அவரைப் பலரும் அறிவர். 96 ஆண்டு வாழ்ந்த அவர், கடைசி நாற்பது ஆண்டுகளை ஓய்வுபெற்றவராக இங்கிலாந்தில் கழித்தார். குடும்பம், தேவாலயம், ஊர்த்தொண்டு, இடைவிடாத வாதம் என்று கழிந்த அந்தக் காலத்தை விட்டுவிட்டு அவரை மதிப்பிட முடியாது.

ஹென்றி கால்வெலி காட்டனின் பதினொரு ஆண்மக்களில் பத்தாமவராகப் பிறந்தார். கும்பினிப் படையின் அடிஸ்கோம் பள்ளியில் பயின்று, சென்னைப் பொறியாளர் படைப்பிரிவில் சேர்ந்து, 1821இல் இந்தியா வந்தார். முதல் பர்மியப் போரில் பணியாற்றினார். உடன்பிறந்தவரான பிரெடரிக் காட்டனும் இதே துறைக்கு வந்தவர்.

தமிழகத்தில் அவர் கைவைத்தது ஒரு பழைய சிக்கலில். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் ஆறு காவிரி, கொள்ளிடம் என இரண்டாகப் பிரிகிறது. கொள்ளிடத்துக்குச் சரிவு கூடுதல். ஆகவே தண்ணீர் அந்தப் பக்கமே இழுபட்டுக் கடலுக்குப் போக, காவிரியின் தலைப்பு மணல் மேடிட்டுத் தஞ்சை வயல்களுக்கு நீர் குறைந்துகொண்டே வந்தது. 1836இல் தொடங்கிய வேலையில் கொள்ளிடத்தின் குறுக்கே முக்கொம்பில் மேலணையும், அணைக்கரையில் கீழணையும் எழுந்தன. ஆழம் காண முடியாத மணற்படுகையில் அணையை நிறுத்தும் வித்தையைக் கல்லணை கட்டிய பழந்தமிழரிடம் கற்றதாக அவரே எழுதியிருக்கிறார். மேலணை கட்டியபின் நேர்மாறான தொல்லை முளைத்தது. காவிரிக்குள் நீர் அளவுக்கு மீறிப் பாய்ந்து படுகையை அரித்தது; அதைத் தடுக்கப் பின்னர் தனியாக வேலை செய்ய வேண்டியிருந்தது. புகழுரைகளில் இந்தப் பகுதி பெரும்பாலும் விடுபட்டுப்போகும்.

இளமையிலேயே அவருக்கு ஆழ்ந்த சுவிசேஷப் பற்று ஏற்பட்டது. நோய் விடுப்பில் இங்கிலாந்து சென்றவர் திரும்பி வருகையில் தரைவழியே பாக்தாத்துக்கு வந்தார். அங்கே ஊழியம் செய்துவந்த அந்தோணி நாரிஸ் குரோவ்ஸைச் சந்தித்தார். குரோவ்ஸ் 1833இல் இந்தியாவுக்குப் புறப்பட்டபோது வழித்துணையாக வந்தவர் காட்டன்தான். குரோவ்ஸ் பின்னர் அழைத்துவந்த ஊழியர்கள் தொடங்கிய கோதாவரிப் படுகை மிஷனுக்கும் அவருடைய ஆதரவு இருந்தது. விசாகப்பட்டினத்தில் பணியாற்றுகையில், ஊரைக் கடல் அரிக்காதிருக்கத் தடுப்புகள் போட்டதோடு ஒரு தேவாலயமும் எழுப்பினார். வறண்ட நிலத்துக்குத் தண்ணீர் கொண்டுபோவதைக் கிறிஸ்தவ அரசின் கடமை என்று நம்பியவர். காலனி ஆட்சியே தவறா என்ற கேள்விக்குள் அவர் போகவில்லை. ஆள்கிறவர்கள் ஆளப்படுகிறவர்களுக்குத் தண்ணீராவது தர வேண்டாமா என்பதே அவருடைய கேள்வி.

உடல்நலம் தேடித் தாஸ்மேனியா சென்ற காட்டன், 1841இல் எலிசபெத் லேர்மந்தை மணந்தார். மூத்த மகள் எலிசபெத் அடுத்த ஆண்டு பிறந்தார். குழந்தையோடு இந்தியா திரும்பிய குடும்பம் தவளேசுவரத்துக்குக் குடிபெயர்ந்தது. 1830களின் தொடக்கத்தில் கொடும் பஞ்சத்தைக் கண்டிருந்த கரையோர ஆந்திரத்தில், 1847 முதல் 1852 வரை கோதாவரியின் நான்கு கிளைகளை மறித்து அணை எழுந்தது.

1860இல் இந்தியாவை விட்டார். 1861இல் சர் பட்டம் வந்தது. பிற்காலத்தில் அவர் குடியிருந்தது சர்ரே மாவட்டத்து டார்க்கிங் ஊரில். அங்கே மூத்த மகள் எலிசபெத், உழைப்பாளிகள் மதுக்கடைக்குப் போகாமலிருக்கக் காப்பிக்கூடம் ஒன்றை நடத்தினார். வேதவகுப்பும் அதோடு சேர்ந்தே நடந்தது. அதைப் பற்றி மகள் எழுதி 1876இல் வெளியான ‘அவர் காபி-ரூம்’ என்ற நூலுக்குத் தந்தை முன்னுரை எழுதினார். அதே ஆண்டில், பேசிப்பழகி அரபி கற்பதற்கான சிறு பாடநூல் ஒன்றை அவரும் வெளியிட்டார். தோட்டத்து மண்ணை ஆழமாகக் கொத்திக் கோதுமை விளைச்சலைப் பெருக்கும் சோதனைகளை முதுமையிலும் விடவில்லை.

வாதத்தையும் விடவில்லை. 1876–78 பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியபோது, ரயில் பாதைக்குக் கொட்டிய பணத்தைக் கால்வாய்க்குச் செலவிட்டிருக்க வேண்டும் என்று எழுதியும் பேசியும் வந்தார். 1878இல் ஜார்ஜ் ஹாமில்டன் தலைமையிலான நாடாளுமன்றக் குழு அவரை விசாரித்தது. குழு அவர் பக்கம் சாயவில்லை. அதற்குக் காரணமும் இருந்தது: அவருடைய யோசனைப்படி தனியார் நிறுவனம் கட்டிய துங்கபத்திரைக் கால்வாய், மதிப்பீட்டை மீறிச் செலவிழுத்து நட்டத்தில் முடிந்திருந்தது. பாசனம் பற்றி அவர் சொன்னது பெரும்பாலும் சரி. ரயிலுக்குப் பதிலாகப் படகு என்று பிடித்த பிடிவாதம் சரியல்ல. நதிநீர் இணைப்புப் பேச்சு எழும்போதெல்லாம் அவர் பெயர் முன்னோடியாக வருகிறது. அவர் மனத்தில் இருந்தது படகு ஓடும் கால்வாய்களின் வலைப்பின்னல் என்பதை அந்த மேடைகள் மறந்துவிடுகின்றன.

டார்க்கிங்கிலேயே அடக்கம் செய்யப்பட்டார். கோதாவரிப் படுகையின் ஊர் ஊராக அவருக்குச் சிலைகள் உண்டு. ஹைதராபாத் உசேன் சாகர் கரையிலும் ஒன்று நிற்கிறது. தவளேசுவரத்தில் பழைய அணைக்குப் பதிலாகக் கட்டப்பட்டு 1982இல் முடிந்த தடுப்பணை, அவர் பெயர் தாங்கி ஏறத்தாழ 10 லட்சம் ஏக்கருக்கு நீர் தருகிறது. முக்கொம்பு மேலணையில் 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் 9 மதகுகள் அடித்துச்செல்லப்பட்டன; பக்கத்திலேயே புதிய கதவணை கட்டப்பட்டது.

அவரைப் பற்றிய முதன்மை நூல், 1900இல் மகள் எழுதிய வாழ்க்கை வரலாறு. அட்மிரல் ஜேம்ஸ் ஹோப்பை மணந்து ஹோப் சீமாட்டியான அதே எலிசபெத்தான், சார்லஸ் டார்வின் கடைசிக் காலத்தில் விவிலியத்தைப் போற்றினார் என்ற கதையையும் சொன்னவர். 1915இல் அச்சேறிய அக்கதையை டார்வினின் பிள்ளைகள் மறுத்தார்கள். ஆகவே தந்தையின் பக்தி பற்றிய பக்கங்களைச் சற்று நிதானித்தே படிக்க வேண்டும். பஞ்சமும் பாசனமும் பற்றி அந்நூலுக்கு வில்லியம் டிக்பி எழுதிக்கொடுத்த அத்தியாயம், வரலாற்று மாணவருக்கு அதைவிடக் கூடுதல் பயன் தரும்.