லப்பக்கின் திங்கட்கிழமை

வங்கிக்காரன் வீட்டில் அடிக்கடி கேட்கும் வசனம் ஒன்று உண்டு. "ஊருக்கெல்லாம் லீவு, உங்களுக்கு மட்டும் கிளோசிங்." என் வீட்டில் இதற்கு இரண்டாம் பாகமும் உண்டு. இருபது வருட சர்வீசில் எல்.எஃப்.சி.யில் நாங்கள் ஊர் சுற்றப் போனது இரண்டே முறை. மற்றதையெல்லாம் காசாக்கி, வீட்டுக் கடனில் போட்டாயிற்று. போபாலில் பெரிய ஏரிக்குப் பத்து நிமிட நடையில் குடியிருக்கிறோம். அதில் படகேறியதும் இரண்டு முறைதான்.

போன ஆகஸ்டில் ஒருவழியாகச் சொந்தக் காசைச் செலவழித்து மான்செஸ்டர் பக்கம் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனோம். ஞாயிறு இரவு சாப்பிடும்போது தங்கை வீட்டுக்காரர் ஆரம்பித்தார்.

"மச்சான், நாளைக்கு பேங்க் ஹாலிடே. உங்க ஆளுங்க புண்ணியத்துல ஊருக்கே லீவு. வாங்க, ஏரிக்குப் போவோம்."

ஆக்ஸன்ஹோமில் வண்டி மாறி விண்டர்மியர் போய்ச் சேர்ந்தோம். ரயிலில் நிற்க இடமில்லை. பழைய ஸ்டேஷன் கட்டடம் இப்போது சூப்பர் மார்க்கெட். அங்கே தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு கரைக்கு இறங்கினால் நம் ஊர்த் திருவிழா மாதிரிக் கூட்டம். எங்களுக்குப் பக்கத்தில் ஒரு குஜராத்திக் குடும்பம் தேப்லா பிரித்தது, நாங்கள் புளியோதரை பிரித்தோம். எதிரே பதினேழு கிலோமீட்டர் நீளத்துக்குத் தண்ணீர். இங்கிலாந்தின் மிகப் பெரிய இயற்கை ஏரி இதுதான்.

'உங்க ஆளுங்க புண்ணியம்' என்று மாப்பிள்ளை விளையாட்டாகச் சொன்னது உண்மையில் சரித்திரம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேங்க் ஆஃப் இங்கிலாந்து புனிதர்களின் பெயரைச் சொல்லி வருடத்தில் சுமார் 33 நாள் மூடியிருக்கிறது. 1834-ல் அதை நான்காக வெட்டிவிட்டார்கள். (எந்த வங்கி ஊழியருக்கும் வயிறு எரியும்.) 1871-ல் சர் ஜான் லப்பக் என்பவர் பாராளுமன்றத்தில் ஒரு சட்டம் கொண்டுவந்தார். மனிதர் பரம்பரை வங்கி முதலாளி, எம்.பி., ஓய்வு நேரத்தில் தொல்லியல் ஆராய்ச்சியாளர். பழைய கற்காலம், புதிய கற்காலம் என்று நாம் படித்தோமே, அந்த ஆங்கிலப் பெயர்களை வைத்தவரும் இவர்தான்.

சட்டத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, பி.காம். படித்தவர்கள் ரசிப்பார்கள். அதுவரை பில்லின் கெடு ஞாயிற்றுக்கிழமை விழுந்தால் முதல் நாளே பணம் கட்டியாக வேண்டும். லப்பக் தன் விடுமுறைகளுக்கு அதைத் திருப்பிப் போட்டார். அன்று விழும் பில்லுக்கு மறுநாள் பணம் கொடுத்தால் போதும். ஈஸ்டர் திங்கள், விட் திங்கள், ஆகஸ்டின் முதல் திங்கள், டிசம்பர் 26 என்று இங்கிலாந்துக்கு நான்கு நாட்கள். வங்கி மூடினால் வியாபாரம் நிற்கும், வியாபாரம் நின்றால் ஊருக்கே லீவு. 'பொது விடுமுறை மசோதா' என்று பெயர் வைத்திருந்தால் எதிர்ப்பு வந்திருக்கும் என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். ஜனங்கள் ஆகஸ்ட் திங்களுக்கு 'புனித லப்பக் தினம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்த ஆகஸ்ட் லீவு கடைசித் திங்களுக்கு மாறியது 1960-களில்தான். பத்து வருஷம் கழித்து வந்த நம் 1881-ஆம் வருட நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சட்டம் லப்பக்கைப் பின்பற்றவில்லை. 25-ஆம் பிரிவுப்படி விடுமுறையில் முதிரும் பில்லுக்கு முந்தின வேலை நாளிலேயே பணம் கட்ட வேண்டும். விடுமுறை விஷயத்தில் நாம் எப்போதும் கொஞ்சம் கறார்தான்.

ஆனால் லீவு கிடைத்தால் மட்டும் ஏரி கிடைத்துவிடுமா?

1720-களில் இந்தப் பக்கம் எழுதிய டேனியல் டீஃபோவுக்கு (ராபின்சன் குரூசோ எழுதியவரேதான்) இந்த மலைகள் பயங்கரமான பாழ்நிலம். ஐம்பது வருஷத்தில் பார்வை மாறியது. 1778-ல் தாமஸ் வெஸ்ட் என்பவர் எந்த ஏரியை எந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று கைகாட்டும் புத்தகம் போட்டார். கனவான்கள் கோச்சு வண்டியில் வந்தார்கள். வந்து என்ன செய்தார்கள் தெரியுமா? ஏரிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கறுப்புச் சாயம் ஏற்றிய சிறு குவிகண்ணாடியில் அதன் பிம்பத்தைப் பார்த்தார்கள். ஓவியம் மாதிரித் தெரிய வேண்டுமாம். செல்ஃபி எடுக்கும் பிள்ளைகளை நான் இனி திட்டுவதாக இல்லை.

அப்புறம் பிரான்சோடு யுத்தம் வந்தது. ஐரோப்பா போக முடியாத பணக்காரர்கள் எல்லாரும் இங்கே வந்தார்கள். அந்தக் காலத்தில் இந்த ஏரிகளைப் பற்றி வழிகாட்டி எழுதியவர்களில் பெரிய பெயர் கவிஞர் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த். கண்ணும் மனசும் உள்ள எல்லாருக்கும் பங்குள்ள தேசத்துச் சொத்து இந்த இடம் என்ற அர்த்தத்தில் எழுதியவர். அவர் பார்த்த உத்தியோகம் பலருக்குத் தெரியாது. 1813 முதல் 1842 வரை அந்த மாவட்டத்துக்கு முத்திரைத்தாள் விநியோக அதிகாரி. தாளை விற்று, வசூலை லண்டனுக்குக் கணக்குக் காட்டும் வேலை. நம்ம ஜாதி.

அந்த நம்ம ஜாதிக்காரர்தான் 1844-ல் கெண்டலிலிருந்து விண்டர்மியருக்கு ரயில் போடும் திட்டத்தைக் கடுமையாக எதிர்த்தார். ஒரு கவிதை எழுதினார், பத்திரிகைக்குக் கடிதங்கள் எழுதினார். இயற்கையை ரசிப்பது படிப்படியாகப் பழகி வருவது, மில் தொழிலாளிகளைக் கூட்டமாகக் கொண்டுவந்து இறக்கினால் அவர்களுக்கும் பிரயோஜனமில்லை, ஊரும் கெடும் என்பது வாதம். பந்தயங்களும் பீர்க் கடைகளும் வரும் என்று பயந்தார். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வயல்வெளிக்குப் போய் வரட்டுமே என்றார்.

படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. தேசத்துச் சொத்துதான், ஆனால் டிக்கெட் வாங்கி வருகிறவனுக்கு இல்லையா? ஏரிக்கரையில் அன்று நீலப்பச்சைப் பாசி பற்றிய எச்சரிக்கைப் பலகையைப் பார்த்த பிறகு கோபம் கொஞ்சம் தணிந்தது. கூட்டமும் சாக்கடையும் விண்டர்மியரை என்ன பாடு படுத்துகின்றன என்பது அங்கே பெரிய விவகாரம். மனிதர் முழுக்கப் பிதற்றவில்லை. ஆனாலும் கிழவர் சொன்னபடி நடந்திருந்தால் எங்கள் புளியோதரை மான்செஸ்டரைத் தாண்டியிருக்காது.

1847 ஏப்ரலில் ரயில் வந்துவிட்டது. ஏரிக்கு ஒரு மைலுக்கு மேல் முன்பே நின்றும்விட்டது. சுற்றி ஒரு ஊர் முளைத்து, ஏரியின் பெயரையே வைத்துக்கொண்டது. அடுத்த வேடிக்கை: மான்செஸ்டர் ஏரிக்கு வந்தது போதாதென்று ஏரி மான்செஸ்டருக்குப் போனது. தர்ல்மியர் ஏரியை அணை கட்டி உயர்த்தி, 96 மைல் தூரம், பம்பே இல்லாமல், சரிவை மட்டும் நம்பித் தண்ணீரை 1894-ல் மான்செஸ்டருக்குக் கொண்டுபோனார்கள். குடிநீர் கெடக்கூடாது என்று பல வருஷம் அதன் கரைக்கு ஜனங்களை அண்டவிடவில்லை.

கரை என்பது தனிச் சண்டை. ரயிலில் வந்து இறங்கினால் நடக்கும் பாதையை ஜமீன் வீட்டார் அடைத்திருப்பார்கள். 1887-ல் டெர்வென்ட்வாட்டர் ஏரிக்கரையில் ஃபா பார்க் என்ற பங்களாக்காரர்கள் வைத்த தடுப்புகளைக் கெஸிக் ஊர்க்காரர்கள் பெயர்த்துப் போட்டார்கள். அக்டோபர் முதல் தேதி சுமார் 2,000 பேர் அடைத்த பாதை வழியாகவே லாட்ரிக் குன்றின் மேல் ஏறினார்கள். கேஸ் நடந்து, மறுவருஷம் சமரசமாகி, உச்சிக்கு ஒரு பாதை கிடைத்தது. பாதைச் சங்கத்துக்குத் தலைவராக இருந்த பாதிரியார் ரான்ஸ்லி இன்னும் இருவரோடு சேர்ந்து 1895-ல் நேஷனல் ட்ரஸ்ட் தொடங்கினார். 1902-ல் அதே ஏரியின் மேற்குக் கரையில் பிராண்டல்ஹோ என்ற இடத்தைப் பொதுமக்களிடம் 6,500 பவுன் வசூலித்து வாங்கினார்கள். கரையை விலைக்கு வாங்கித்தான் பொதுவாக்க வேண்டியிருந்தது.

சாயங்காலம் ஸ்டேஷனுக்கு எதிரே ஆரெஸ்ட் ஹெட் என்ற குன்றில் ஏறினோம். அரை மணி ஏற்றம், என் மூட்டுக்கு முக்கால் மணி. வேர்ட்ஸ்வொர்த் தன் ரயில் எதிர்ப்புக் கவிதையில் பெயர் சொன்ன அதே குன்று. உச்சியில் ஏரி முழுசும் தெரிகிறது.

1930-ல் இதே இடத்தில் ஒரு 23 வயதுப் பையன் வந்து நின்றான். பிளாக்பர்ன் என்ற மில் ஊர்க்காரன், கொத்தனார் மகன், 13 வயதில் படிப்பை விட்டு டவுன்ஹால் எடுபிடியாய்ச் சேர்ந்தவன். அப்போது பொருளாளர் ஆபீசில் கணக்கு கிளார்க். ஒரு வார லீவில் வந்திருந்தான். ரயிலில் வரக்கூடாது என்று வேர்ட்ஸ்வொர்த் யாரை நினைத்தாரோ, அந்த ஆள். பெயர் ஆல்ஃபிரட் வெயின்ரைட். அந்தக் காட்சியில் விழுந்தவர் எழவே இல்லை. 1941-ல் கெண்டலுக்கே வேலை மாற்றிக்கொண்டு வந்து, 1948-ல் அந்த நகராட்சிக்குப் பொருளாளரானார். வேலை முடிந்த நேரத்தில் 214 மலைகளைப் பற்றி ஏழு வழிகாட்டிகள், 1955-லிருந்து 1966 வரை, பேரேடு எழுதும் சுத்தத்தோடு படமும் எழுத்துமாய் எல்லாம் கையாலேயே. இன்றும் ஏரிப்பகுதிக்குப் போகிறவர்கள் பையில் அந்தப் புத்தகம் இருக்கும். 1991-ல் இறந்தார். அஸ்தியை ஹேஸ்டாக்ஸ் மலையில் ஒரு சின்னக் குளத்தோரம் தூவினார்கள். அந்தக் குளத்தின் பெயருக்குப் 'பெயரில்லாத குளம்' என்றே அர்த்தம்.

தங்கை மகள் கீழே தெரிந்த ஏரியைக் காட்டி, "மாமா, எந்த ஏரியில வேணும்னாலும் இறங்கி நீந்தலாமா?" என்றாள். மலையிலும் தரிசிலும் எல்லாரும் நடக்கலாம் என்று 2000-ல் வந்த சட்டத்தில், உள்நாட்டு நீரில் குளிப்பதும் படகு விடுவதும் சேர்க்கப்படவில்லை என்று விளக்க ஆரம்பித்தேன். பாதியில் போய்விட்டாள்.

இவள் மட்டும் பாறையில் உட்கார்ந்து ரொம்ப நேரம் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. இந்த பிளாக்கின் எல்.எஃப்.சி.யை நான் இன்னும் காசாக்கவில்லை.