அக்கல்ட் என்றால் என்ன?

சென்ற ஆண்டு என் லேபரட்டரி ரிப்போர்ட்டில் "அக்கல்ட் ப்ளட் – பாசிடிவ்" என்று இருந்தது. அதைப் பார்த்த என் சகதர்மிணி, "ஏன்னா, யாராவது ஏதாவது செஞ்சு வெச்சுட்டாளா?" என்று பதறினாள். அக்கல்ட் என்றால் பில்லி சூனியம் என்று அவள் எங்கோ படித்திருக்கிறாள். மலத்தில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் ரத்தம், அவ்வளவுதான் என்று விளக்கினேன்.

லத்தீனில் 'அக்கல்டஸ்' என்றால் மூடி மறைக்கப்பட்டது. 'கன்சீல்' என்ற ஆங்கிலச் சொல்லும் இதற்குப் பங்காளி. சொல்லில் மந்திர வாடையே கிடையாது. அந்நாளைய ஐரோப்பியப் பண்டிதர்கள் சூடு, குளிர்ச்சி போன்றவற்றை வெளிப்படையான குணங்கள் என்றார்கள். காந்தம் இரும்பை இழுப்பது போல, செயல் தெரிந்தும் காரணம் புலப்படாதவை அக்கல்ட் குணங்கள். 1533-ல் அக்ரிப்பா என்ற ஜெர்மானியர் மூன்று பாகமாக வெளியிட்ட மந்திர சாஸ்திர நூலின் தலைப்பிலும் இச்சொல் ஏறியது.

நான் பி.எஸ்ஸி.யில் பௌதிகம் படித்தவன். ஆனால் நியூட்டன் மீதே இந்தப் பழி விழுந்ததை வகுப்பில் யாரும் சொல்லித் தரவில்லை! இடையில் எதுவும் தொடாமல் சூரியன் பூமியை இழுக்கிறது என்றால் அது அக்கல்ட் குணம்தானே என்று லைப்னிட்ஸ் இடித்துரைத்தார். 1713-ல் வந்த 'பிரின்சிபியா' இரண்டாம் பதிப்பில் நியூட்டன், அத்தகைய குணங்களுக்குச் சோதனை வழி விஞ்ஞானத்தில் இடமில்லை என்றும், ஈர்ப்பின் காரணத்தைத் தாம் ஊகிக்கப் போவதில்லை என்றும் எழுதினார்.

ஆவி, அமானுஷ்யம் என்ற இன்றைய பொருள் பரவியதில் நம் தேசத்துக்கும் பங்குண்டு. அலகாபாத்தில் 'பயனியர்' பத்திரிகையின் ஆசிரியராக இருந்த சின்னெட், 1881-ல் 'தி அக்கல்ட் வேர்ல்ட்' என்ற நூலை வெளியிட்டார். அவரைக் கவர்ந்த தியாசபிகல் சொசைட்டி மறு ஆண்டே அடையாறுக்குக் குடிபெயர்ந்தது.

வானியலார் மட்டும் பழைய பொருளை விடவில்லை. ஒரு கிரகம் நட்சத்திரத்தை மறைப்பதை 'அக்கல்டேஷன்' என்பார்கள். 10.3.1977 அன்று யுரேனஸ் அப்படி ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோதுதான் அதன் வளையங்கள் தெரிய வந்தன. ஜவ்வாது மலையில் உள்ள நம் காவலூரிலும் அதைக் கவனித்தார்கள்.

தமிழில் மறைந்திருப்பதைக் குறிக்கும் 'மறை' வேதத்துக்கே பெயராயிற்று. கீதையின் ஒன்பதாம் அத்தியாயம் 'ராஜகுஹ்யம்', ரகசியங்களின் அரசன். ஒரே பொருள் அங்கே பயமாகவும் இங்கே பக்தியாகவும் போனது விந்தைதான்.

ரிப்போர்ட்டுக்கு வருவோம். டாக்டர் கொலோனாஸ்கோபி செய்து ஒரு சிறு கட்டியை எடுத்துவிட்டார். புற்று இல்லை. "வெளியே தெரிகிற வரை காத்திருந்தால் வேறு கதை" என்றார். சகதர்மிணி எதற்கும் இருக்கட்டும் என்று திருஷ்டியும் சுற்றிப் போட்டாள்.